முதுகு, கழுத்து, தோள்: படம் பார்த்துப் போடும் ஊசி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

கேட்டிருப்பது இதுதான். அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை இருக்கிறது. ஏழு வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி காலின் வெளிப்பக்கமாக இறங்கி கட்டைவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. எம்ஆர்ஐயில் எல்4-எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள) டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறார்கள். சி-ஆர்ம் என்ற, நேரடியாகப் படம் காட்டும் எக்ஸ்ரே கருவியை வைத்து முதுகில் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். "முதுகுல ஊசி போட்டா கால் போயிடும்" என்கிறார் பெரியம்மா. அப்பாவுக்கும் சர்க்கரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, இரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார். வலது தோளைத் தூக்க முடியவில்லை. கேட்டவர் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர், அவருக்குக் கழுத்து வலி. இந்த ஊசி மூன்று பேருக்கும் பொருந்துமா?

நான் வலி சிகிச்சை செய்யும் மயக்கவியல் மருத்துவர். இந்த ஊசிகளைப் போடுவதே என் வேலை. அதனால் என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும் என்று எண்ணிக்கொண்டே படியுங்கள். நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றாலும், எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு ஊசி நியாயமான யோசனைதான். அப்பாவுக்கும் ஊசி உதவக்கூடும், ஆனால் அது வேறு ஊசி, வேறு இடம், ஆபத்தும் மிகக் குறைவு. உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் பெரியம்மா சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பாதி வீடுகளில் முடிவெடுப்பது அந்த வாக்கியம்தான். நம் ஊரில் முதுகு ஊசி என்றாலே சிசேரியன் சமயத்தில் போட்டது நினைவுக்கு வரும். பிரசவத்துக்குப் பின் வருகிற இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் அந்த ஊசியின் மேல் பழி போடுவது வழக்கம். ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலியில் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பமும், குனிந்து நிமிர்ந்து குழந்தை தூக்குவதும், தூக்கமின்மையும் போதுமான காரணங்கள். அம்மாவுக்குப் போடப்போவது அந்த ஊசியும் அல்ல. சிசேரியனில் மருந்து தண்டுவட நீருக்குள் போகும், இடுப்புக்குக் கீழே முழுவதும் மரத்துப்போகும். இங்கே ஊசி அந்த நீரைத் தொடுவதே இல்லை. தண்டுவடத்தைச் சுற்றிய உறைக்கு வெளியே, அழுத்தப்பட்ட அந்த ஒரு நரம்பு வெளியே வரும் துளையின் வாயிலில், இரண்டு மூன்று மில்லி மருந்து விடுகிறோம். இதைத்தான் எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி என்கிறார்கள். நரம்புத் துளை வழியாகப் போடுவதற்கு டிரான்ஸ்ஃபொராமினல் என்று பெயர்.

ஆனால் பெரியம்மாவின் பயம் முழுக்க அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். கால் போனவர்கள் உலகில் இருக்கிறார்கள். மிக அரிது, ஆனால் இருக்கிறார்கள். அது ஏன் நடந்தது என்பது இன்று தெரியும், தவிர்க்கும் வழியும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

"சவ்வு விலகியிருக்கு" என்று ஊரில் சொல்வது எதை? இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்கின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்குவதை. அது நரம்பை அழுத்துவதால் மட்டும் வலிப்பதில்லை. அந்தக் கூழில் இருக்கும் வேதிப்பொருட்கள் நரம்பைச் சுற்றி அழற்சியைக் கிளப்பிவிடுகின்றன. வீங்கிச் சிவந்த நரம்பை லேசாகத் தொட்டாலே சுளீரென்கிறது. ஸ்டீராய்டுக்கு வேலை அங்கேதான். அது டிஸ்கை உள்ளே தள்ளாது, கரைக்காது. அழற்சியை அடக்கும், அவ்வளவே. பிதுங்கியதைச் சுருக்கும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். வெளியே வந்த துண்டை நம் வெள்ளணுக்கள் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. விசித்திரம் என்னவென்றால், படத்தில் பார்க்கவே பயமாக இருக்கும் பெரிய பிதுக்கங்களும், துண்டாகப் பிரிந்து வந்தவையும்தான் அதிகமாகச் சுருங்குகின்றன. ஆகவே இந்த ஊசி வாங்கித் தருவது அவகாசம். உடம்பு தன் வேலையை முடிக்கும்வரை அம்மா தூங்கவும், நடக்கவும், பிசியோதெரபி செய்யவும் முடிந்தால் ஊசி வெற்றி.

எம்ஆர்ஐ அறிக்கையை அதிகம் நம்ப வேண்டாம். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. டிஸ்க் வீக்கம் 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இருந்தது, 80 வயதில் 84 சதவீதம். இவர்களுக்கு வலி கிடையாது. அதனால் படத்தில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். எல்4-எல்5 டிஸ்க் வழக்கமாக அழுத்துவது எல்5 நரம்பை. அந்த நரம்பின் பாதை முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், பாதத்தின் மேற்புறம், கட்டைவிரல். அம்மாவின் வலி அப்படியே அந்தப் பாதையில் போகிறது. படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கினால் அதே சுளீர் வருகிறதா, கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி நாம் கீழே அழுத்தினால் தாங்குகிறாரா என்று மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். மாறாக வலி தொடையின் பின்புறம் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் பக்கம் போனால் அது அடுத்துக் கீழே வரும் எஸ்1 நரம்பு. அப்போது படத்தில் எல்4-எல்5 என்று எழுதியிருந்தாலும் அங்கே ஊசி போடுவதில் பயனில்லை. ஊசி தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தத்தைப் பார்க்காமல் விட்ட இடங்கள்தான் என்பது என் கணிப்பு.

படம் எதற்கு என்றால், ஊசி முனை எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க. ஒரு காலத்தில் விரலால் தடவி, ஊசியின் தடை சட்டென்று விடுவதை உணர்ந்து போட்டார்கள். கை பழகியவர்களுக்கே கணிசமான முறை இடம் தப்பிப்போனது பின்னாளில் எக்ஸ்ரே வைத்துச் சோதித்தபோது தெரியவந்தது. தெருப் பெயர் சரியாக இருந்து கதவு எண் தப்பானால் கடிதம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அந்த மாதிரி.

அறைக்குள் நடப்பது இது. அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைப்பார்கள், இடுப்பின் வளைவு நிமிர்வதற்காக. முழு மயக்கம் தேவையில்லை, கொடுக்கவும் கூடாது. ஊசி நரம்பில் பட்டால் "காலில் சுளீர்ங்குது" என்று சொல்ல அம்மா விழித்திருக்க வேண்டும். அந்தக் குரல்தான் எங்களுக்கு இன்னொரு பாதுகாப்பு. கிருமிநாசினி தடவி, துணி போர்த்தி, சி-ஆர்மைப் பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ப்போம். அந்தக் கோணத்தில் முள்ளெலும்பு ஒரு சின்ன நாய்க்குட்டி உருவமாகத் திரையில் தெரியும். உலகம் முழுக்க எங்கள் துறையில் அந்த நாய்க்குட்டியைத் தேடித்தான் வேலை தொடங்கும். அதன் கண்ணுக்கு நேர் கீழே போனால் நரம்புத் துளையின் கூரை. தோலில் மரப்பு மருந்து போட்டுவிட்டு ஒரு மெல்லிய நீள ஊசியை அந்தப் புள்ளி நோக்கி இறக்குவோம். பிறகு சி-ஆர்மை நேராகவும் பக்கவாட்டிலும் திருப்பி ஆழம் பார்ப்போம்.

அடுத்து வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு மில்லி அளவுக்கு அயோடின் கலந்த சாய மருந்தை, எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கும்போதே, மெதுவாகச் செலுத்துவோம். அது நரம்பைச் சுற்றி உறை போலப் படர்ந்து உள்ளே ஏறினால் இடம் சரி. சட்டென்று மறைந்து ஓடினால் ஊசி முனை இரத்தக் குழாயில் இருக்கிறது. அப்போது மருந்து விடக் கூடாது, ஊசியை நகர்த்த வேண்டும். இரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சை இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. வராமலேயே குழாய்க்குள் இருக்கும் ஊசிகள் உண்டு. சாயம் சரியாகப் படர்ந்த பிறகே ஸ்டீராய்டும் அதோடு கொஞ்சம் மரப்பு மருந்தும். சாயம் போடும்போது "இதே வலிதான், இதே இடம்தான்" என்று அம்மா சொன்னால், சரியான நரம்பைத் தொட்டிருக்கிறோம் என்பதற்கு அது நல்ல அறிகுறி. மொத்தம் கால் மணி, இருபது நிமிடம். ஒரு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். சில மணி நேரம் கால் கனமாக இருக்கலாம், அதனால் துணைக்கு ஆள் இல்லாமல் படியிறங்க வேண்டாம்.

இனி கால் போன கதை. தண்டுவடத்துக்கு இரத்தம் கொடுக்கும் தமனிகளில் பெரியது ஒன்று, ஆடம்கீவிச் என்பவரின் பெயரில் அழைக்கப்படுவது, பெரும்பாலும் இடது பக்கம், கீழ் மார்பு அல்லது மேல் இடுப்பு மட்டத்தில் ஏதோ ஒரு நரம்புத் துளை வழியாக நுழைகிறது. சிலருக்கு இன்னும் கீழே. மெத்தில்பிரெட்னிசலோன், டிரையாம்சினலோன் போன்ற ஸ்டீராய்டுகள் தண்ணீரில் கரையாத துகள்களாக மிதப்பவை. குப்பியை அசைத்தால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். அவை திரண்டால் இரத்த நுண்குழாயை அடைக்கும் அளவுக்குப் பெரியவை. அந்தத் துகள்கள் தமனிக்குள் போனால் தண்டுவடத்துக்கு இரத்தம் நின்றுவிடுகிறது. டெக்ஸாமெத்தசோன் அப்படியல்ல, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாகப் பார்வையிழப்பு, பக்கவாதம், முடக்கம், மரணம்கூட நேர்ந்திருக்கிறது என்று எச்சரிக்கை வெளியிட்டது. எந்த ஸ்டீராய்டுக்கும் இந்தப் பயன்பாட்டுக்குத் தான் ஒப்புதல் தந்ததில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. அதன் பின் 2015இல் பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து பாதுகாப்பு விதிகளை வகுத்தன. இடுப்பில் நரம்புத் துளை வழியாகப் போட்டால் முதலில் துகளற்ற மருந்து, சாயத்தை ஓடும் எக்ஸ்ரேயில் பார்த்தபின் மருந்து, கனத்த மயக்கம் வேண்டாம் என்பவை அவற்றில் உண்டு. ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "டெக்ஸாமெத்தசோன்தானே போடப்போகிறீர்கள்?" பலனில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆபத்தில் இருக்கிறது.

குப்பியும் ஒரு விஷயம். 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாண்ட் காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்துக் கலவை நிறுவனம் அனுப்பிய ஸ்டீராய்டுக் குப்பிகளில் பூஞ்சை இருந்தது. 20 மாநிலங்களில் 753 பேருக்குத் தொற்று. அடுத்த ஆண்டு அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 64 பேர். அங்கே ஊசி போட்டவர்கள் கையில் தவறில்லை, மருந்தில்தான் தவறு. ஒருவருக்கு ஒரு குப்பி, சீல் உடைக்காத புதுக்குப்பி, பதிவான நிறுவனத்தின் மருந்து: இதைக் கேட்பதில் சங்கடப்பட வேண்டாம்.

சரி, பலன் எவ்வளவு? இங்கே என் துறைக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். 2010இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு நல்ல ஆய்வில், டிஸ்க் பிதுங்கிக் கால்வலி வந்த 150 பேரை ஐந்து பிரிவாக்கினார்கள். நரம்புத் துளையில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஒரு மாதத்தில் வலி பாதியாவது குறைந்தது. அதே இடத்தில் உப்புநீர் போட்டவர்களில் 19 சதவீதம், தசையில் ஸ்டீராய்டு போட்டவர்களில் 21 சதவீதம். இது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் (ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) தொகுப்பு, போலி ஊசியைவிடக் கொஞ்சம்தான் மேல், அதுவும் முதல் சில வாரங்களுக்குத்தான் என்கிறது. 2021இல் பிரிட்டனில் 163 பேரிடம், அறுவைச் சிகிச்சையையும் இந்த ஊசியையும் ஒப்பிட்டார்கள். 18ஆவது வாரத்தில் இரு பிரிவின் முடக்க அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கத்திக்கு முன் ஊசியை முயன்று பார்க்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் அதுதான். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, கடுமையான, புதிய சயாட்டிக்காவுக்கு (இப்படி நரம்பு வழியாகக் காலில் இறங்கும் வலிக்கு) இந்த ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது. வெறும் முதுகுவலிக்கு முதுகில் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறது. 2025 பிப்ரவரியில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த சர்வதேசக் குழுவின் பரிந்துரை இன்னும் கறார்: மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகெலும்பு வலிக்கு இவற்றைச் செய்யவே வேண்டாம் என்றது. வலி மருத்துவச் சங்கங்கள் அதைக் கடுமையாக மறுத்தன, எல்லா வலிகளையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள் என்று. அந்த மறுப்பில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆண்டுக்கணக்கில் பழகிப்போன வலிக்கு ஊசிமேல் ஊசி போடுவதை நானும் செய்வதில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. ஏழு வாரம், முதுகைவிடக் காலில் வலி அதிகம், பாதையும் படமும் பொருந்துகின்றன. பலன் கிடைக்க அதிக வாய்ப்புள்ள ஆள் இவர். இதே அம்மாவுக்குக் கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலும் கனத்து உட்காரச் சொல்லும், உட்கார்ந்தால் சரியாகும் என்றிருந்தால், அது தண்டுவடக் குழாய் குறுகியதால் வருவது, அங்கே ஊசி வேண்டாம் என்றிருப்பேன். 2014இல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த 400 பேர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஆறு வாரத்தில் ஏறத்தாழ ஒன்றுதான்.

சர்க்கரையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி போட்ட அன்றிரவிலிருந்தே ஏறும். இரண்டு மூன்று நாள் நன்றாக ஏறி, ஒரு வாரத்துக்குள் இறங்கும். 250, 300 என்று பார்த்துப் பதறி அழைப்பவர்கள் உண்டு. முன்கூட்டியே நீரிழிவு மருத்துவரிடம் சொல்லி, அந்த வாரத்துக்கு மாத்திரை அல்லது இன்சுலினை எப்படிக் கூட்டுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) ஒன்பதைத் தாண்டியிருந்தால் நான் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்வேன், தொற்று பயம் காரணமாக. முகம் இரண்டு நாள் சிவந்து கன்னம் சூடாக இருக்கலாம், அன்றிரவு தூக்கம் வராமல் போகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஒருமுறை இரத்தப்போக்கு வருவதும் உண்டு. வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "ஊசியால் வந்தது" என்று தானாக முடிவு செய்து விட்டுவிடக் கூடாது, வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"மூன்று ஊசி ஒரு கோர்ஸ்" என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒன்று போட்டு, இரண்டு மூன்று வாரம் பார்த்து, பாதியளவு பலன் இருந்தால் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம். முதல் ஊசியில் துளிகூடப் பலனில்லையென்றால் அதே ஊசியை இன்னொரு முறை போடுவதில் அர்த்தமில்லை, நோயறிதலைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

ஊசி பேச்சுக்கே இடமில்லாத நிலைகளும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் தேய்த்து நடப்பது: இவை எலும்பு, நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அன்றைக்கே போக வேண்டியவை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் குறையாத வலி என்றால் நம் நாட்டில் முதலில் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். அங்கே ஸ்டீராய்டு போடுவது பெருந்தவறு. சாதாரண இடுப்புவலி என்று வந்தவர்களிடம் அது ஒளிந்திருந்ததை இந்தத் துறையில் இருக்கும் எல்லோருமே பார்த்திருப்போம்.

ஃபேசட் மூட்டு ஊசி பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். முள்ளெலும்புகளின் பின்பக்கச் சிறு மூட்டுகளில் வரும் வலிக்கு அது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு போடுவதால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று 1991இலேயே காட்டிவிட்டார்கள். மூட்டுக்குப் போகும் சின்ன நரம்பை மரக்கவைத்துப் பார்த்து, வலி உண்மையாகவே நின்றால் மட்டும் அந்த நரம்பை வெப்பத்தால் சுடுவது ஒரு வழி. நரம்பு ஆறு மாதம், ஒரு வருடத்தில் மறுபடி வளர்ந்துவிடும். அம்மாவுக்கு இது தேவையில்லை, விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் கழுத்து. வலி பிடரியிலும் தோள்பட்டையின் மேல்தசையிலும்தான், கைக்கு இறங்கவில்லை, விரல் மரக்கவில்லை என்றால் முதுகெலும்பு ஊசிக்கு இங்கே வேலையே இல்லை. திரையின் உயரம், மணிக்கொரு முறை எழுந்திருப்பது, கழுத்துத் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைப் பின்னிழுக்கும் தசைகளுக்கும் பயிற்சி. சலிப்பான பதில், ஆனால் அதுதான் பதில். வலி கைக்கு இறங்கி நடுவிரல் மரத்து, கையை நீட்டித் தள்ளும் பலம் குறைந்தால் அது கழுத்திலிருந்து வரும் சி7 நரம்பு. அப்போதும் பெரும்பாலானோர் மாதக்கணக்கில் தாமாகவே தேறிவிடுவார்கள்.

கழுத்தில் நான் ஏன் இவ்வளவு தயங்குகிறேன் என்றால், அங்கே மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி நரம்புத் துளையை ஒட்டியே ஓடுகிறது. இடுப்பில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே நரம்புக் கற்றைகள்தான். கழுத்தில் முழுத் தண்டுவடமும் ஊசிக்கு எதிரிலேயே இருக்கிறது. பக்கவாதமும் மரணமும் நேர்ந்த நிகழ்வுகளில் முக்கியமான பங்கு கழுத்தில் நரம்புத் துளை வழியாகத் துகள் ஸ்டீராய்டு போட்டவை. அதனால் 2015 விதிகள் கழுத்தில் அந்த வழிக்குத் துகள் ஸ்டீராய்டைத் தடைசெய்தன. பின்பக்கமாக, எலும்புகளுக்கு நடுவே போடுவதானாலும் படம் இல்லாமல் கூடாது, சி6-சி7க்கு மேலே போகக் கூடாது, எம்ஆர்ஐயில் ஊசி நுழைய இடமிருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றன. வழக்கமாக எல்லோரும் கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் சி7-டி1 இடைவெளியில்தான் போடுகிறார்கள், அங்கே இடம் சற்றுத் தாராளம். படம் இல்லாமல் கழுத்தில் எபிடியூரல் போடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

அப்பாவின் தோள் எளிய விஷயம், ஆனால் அங்கேதான் அதிகம் குழப்புகிறார்கள். தோள் வலி எல்லாம் ஒன்றல்ல. கையை நாமே பிடித்துத் தூக்கினாலும் ஏறவில்லை, முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் திரும்பவில்லை, பின்பாக்கெட்டில் கை போகவில்லை, இரவில் அந்தப் பக்கம் ஒருக்களிக்க முடியவில்லை என்றால் இறுகிய தோள். சர்க்கரை உள்ளவர்களிடம் அடிக்கடி பார்ப்பது. மூட்டின் உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. தானாக விட ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். முதல் சில மாதங்களில், வலி உச்சத்தில் இருக்கும்போது, மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு உடனே பிசியோதெரபி தொடங்கினால் சில வாரங்களுக்கு நல்ல ஆறுதல் கிடைக்கும். மாறாக நாமே தூக்கிவிட்டால் கை முழுதாக ஏறுகிறது, அவராகத் தூக்கும்போதுதான் நடுவில் வலிக்கிறது என்றால் அது தசைநாண் கோளாறு. இடமும் வேறு, ஊசியும் வேறு.

தோளுக்கு சி-ஆர்ம் தேவையில்லை, அல்ட்ராசவுண்ட் போதும். கதிர்வீச்சே கிடையாது. அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பின்பக்கமாக உருண்டை எலும்பின் தலைக்கும் அதைத் தாங்கும் குழிக்கும் நடுவே ஊசி நுழைவதைத் திரையில் நேரடியாகப் பார்த்துக்கொண்டே போடலாம். சிலர் ஸ்டீராய்டோடு 20 முதல் 40 மில்லி உப்புநீரையும் செலுத்தி உறையை விரிக்கிறார்கள், ஹைட்ரோடைலட்டேஷன் என்று பெயர். போடும்போது இறுக்கமாக, அசௌகரியமாக இருக்கும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும், ஸ்கேன் வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும். தோள் வலிக்குப் படம் பார்த்துப் போடுவதும் பார்க்காமல் போடுவதும் நோயாளியின் வலியில் ஏறத்தாழ ஒரே பலனையே தருகின்றன என்பது 2021ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பின் முடிவு. ஊசி முனை இன்னும் துல்லியமாகப் போகிறது, ஆனால் அந்தத் துல்லியம் வலியில் தெரிவதில்லை. ஆகவே கைதேர்ந்த எலும்பு மருத்துவர் ஸ்கேன் இல்லாமல் அப்பாவுக்குத் தோளில் ஊசி போடுகிறேன் என்றால் பயப்பட வேண்டாம். கழுத்திலும் இடுப்பிலும் படம் உயிர்ப் பாதுகாப்பு; தோளில் வசதி. விதிவிலக்கு, தசைநாணில் சுண்ணாம்புக் கட்டி படிந்திருப்பது. அதை ஊசியால் குத்திக் கழுவி எடுக்க அல்ட்ராசவுண்ட் இல்லாமல் முடியாது.

அப்பாவின் குளோபிடோக்ரெலை நிறுத்த வேண்டாம். தோள்மூட்டு ஊசிக்கு அது தடையில்லை. போட்டபின் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். இதே மருந்து அம்மா சாப்பிட்டிருந்து எபிடியூரல் போடுவதானால் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம், தண்டுவட உறைக்கு வெளியே இரத்தம் கட்டிவிட்டால் கால் செயலிழக்கும் என்பதால். அந்த முடிவும் இதய மருத்துவர் கையில்தான். புது ஸ்டென்ட் வைத்தவர் ஊசிக்காகத் தானே மாத்திரையை நிறுத்தி மாரடைப்போடு வருவதைவிடக் கால்வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஓசோன், பிஆர்பி, ஸ்டெம்செல் என்று விளம்பரங்களில் வருவதைப் பற்றி அடுத்து கேட்பீர்கள். முதுகெலும்பு டிஸ்குக்கு ஸ்டெம்செல் போடுவது இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டியின்படி ஆய்வாக மட்டுமே, அனுமதி பெற்று, நோயாளியிடம் காசு வாங்காமல் செய்யலாம். காசு கேட்டாலே அங்கிருந்து கிளம்பிவிடலாம். பிஆர்பி என்பது நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து தட்டணுக்களைச் செறிவாக்கி எடுத்துப் போடுவது; அதற்குத் தோளில் கொஞ்சம் ஆய்வுகள் இருக்கின்றன, முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. என் கையில் வரும் நோயாளிகளுக்கு நான் போடுவதில்லை.

அம்மாவுக்கு ஊசி என்று முடிவானால், முன்பு அயோடின் சாயத்துக்கு ஒவ்வாமை வந்ததுண்டா, காய்ச்சலோ தோலில் புண்ணோ பல் சீழோ இப்போது இருக்கிறதா என்று கேட்காமல் தேதி கொடுக்கும் இடத்தைத் தவிருங்கள். போட்ட முதல் சில மணி நேரம் மரப்பு மருந்தால் வலி குறையும், அடுத்த நாள் திரும்ப வரும். அதைப் பார்த்து "ஊசி வேலை செய்யல" என்று மனம் தளர வேண்டாம். ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்ட இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். வலி குறைந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு அரிசி மூட்டையை நகர்த்தும் அம்மாக்களை எனக்குத் தெரியும். ஆறு வாரம் அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. நடக்கட்டும், படுத்தே கிடக்க வேண்டாம். எழுந்து உட்கார்ந்தால் கடுமையான தலைவலி, படுத்தால் சரியாகிறது என்றால் உறையில் ஊசி பட்டிருக்கலாம், மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் ஏறிக்கொண்டே போகும் வலி, கழுத்து விறைப்பு, கால் புதிதாகப் பலம் இழப்பது, சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும், வாரங்கள் கழித்து வந்தாலும், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த மருந்து, எந்தக் குப்பி, எந்த மட்டத்தில், என்றைக்குப் போட்டது என்று எழுதிய தாளை வெளியே வரும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் பணி மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.